கை அறியாத புல்

1935 ஜூன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த ஓக்மாண்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர் கூட்டத்தில் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவரும் நின்றிருந்தார். மாசசூசெட்ஸ் மாநில அமெச்சூர் சாம்பியன். பந்து எப்படி உருளும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கண்ணெதிரே ஜீன் சாரசன் குழியை நோக்கிப் பந்தைத் தட்டினார். சாரசன் அக்காலத்தின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவர். இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஆகஸ்டாவில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றிருந்தார். ஆனால் அவர் தட்டிய பந்து நிற்கவே இல்லை. புல்தரையை விட்டே இறங்கி, மணற்குழிக்குள் போய் விழுந்தது.

சாரசனுக்குக் கை தவறிவிட்டது என்று ஸ்டிம்ப்சன் நினைக்கவில்லை. இந்தத் தரை அளவுக்கு மீறி வேகமானது என்று நினைத்தார். நினைத்ததை நிரூபிக்க ஓர் அளவுகோல் வேண்டுமே? வீடு திரும்பி மரத்தில் ஒரு கருவி செய்தார். அந்தக் கருவி இல்லாமல் இன்று எந்தப் பெரிய கோல்ஃப் போட்டியும் தொடங்குவதில்லை.

அந்தப் போட்டியில் வென்றவர் சாரசன் இல்லை. யார் வென்றார், எப்படி வென்றார் என்பதை அத்தியாயத்தின் கடைசியில் பார்ப்போம். அதற்குள் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: நன்றாகப் பழகிய கை, புதிய தரைக்குப் போனதும் ஏன் தடுமாறுகிறது?

பலகை மாறினால் அடி மாறும்

கோல்ஃப் ஆடாதவர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் தெரியும். கேரம் ஆடியிருந்தால் போதும். நம் வீட்டுப் பலகையில் எந்தக் காயை எவ்வளவு சுண்டினால் பையில் விழும் என்று விரலுக்குத் தெரியும். நண்பன் வீட்டுக்குப் போய், பவுடர் தூவி வழவழவென்று தேய்த்த பலகையில் அதே சுண்டு சுண்டினால் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து பைக்குள் போய்விடும். மழைநாளில் ஈரம் இறங்கிய பலகையில் காய் பாதி வழியில் நின்றுவிடும். விரலில் குறை ஒன்றும் இல்லை. விரல் கற்றுவைத்திருப்பது விரலும் அந்தப் பலகையும் சேர்ந்த ஓர் உறவை. பலகை மாறியதும் அந்தக் கணக்கு பொருந்தாமல் போகிறது.

கோல்ஃபில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரைக்கு கிரீன் என்று பெயர். அதன்மேல் பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி பட். அதற்கான தட்டைத் தலை மட்டை பட்டர். கால்பந்து மைதானத்துக்கும் டென்னிஸ் களத்துக்கும் அளவு வரையறை உண்டு. கிரீனுக்கு அப்படி எதுவும் கிடையாது. விதிகள் உறுதியாகச் சொல்வது குழியின் விட்டத்தைத்தான்: 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மற்ற எல்லாமே, புல்லின் வகை, உயரம், சரிவு, ஈரம், ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரிலும் காலைக்கும் மாலைக்கும் மாறும். இந்த மாற்றத்தைப் படித்து, அதற்குத் தக்கபடி கையை மாற்றிக்கொள்வதுதான் பட்டிங் என்ற கலையில் பாதிக்கு மேல்.

ஒரு கோலும் ஒரு பள்ளமும்

ஸ்டிம்ப்சனின் கருவியைப் பார்ப்போம். அவர் மரத்தில் செய்ததை, அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் பொறியாளர் ஃபிராங்க் தாமஸ் 1976-இல் அலுமினியத்தில் திருத்தி வடிவமைத்தார். 1978 முதல் அது மைதானப் பராமரிப்பாளர்கள் கைக்கு வந்தது. ஸ்டிம்ப்மீட்டர் என்று பெயர். மூன்றடி நீளமுள்ள ஒரு கோல். நடுவே நீளவாட்டில் ஒரு வாய்க்கால். கீழ்நுனியிலிருந்து 30 அங்குலத்தில் பந்து உட்காரும் சிறு பள்ளம். அவ்வளவுதான்.

சமமான இடமாகப் பார்த்துக் கோலைத் தரையில் வைத்து, பள்ளத்தில் பந்தை வைத்து, மேல்நுனியை மெதுவாகத் தூக்க வேண்டும். சுமார் 20 பாகைச் சாய்வு வந்ததும் பந்து தானாகப் பள்ளத்தை விட்டு உருளும். யார் தூக்கினாலும் பந்து ஏறக்குறைய ஒரே வேகத்தில், நொடிக்கு 1.83 மீட்டரில், தரையில் இறங்கும். கருவியின் அழகு இதில்தான் இருக்கிறது. மனிதக் கையின் ஏற்றத்தாழ்வை அது விலக்கிவிடுகிறது. மிஞ்சுவது தரையின் குணம் மட்டும். மூன்று பந்துகளை ஒரு திசையில் உருட்டி, மூன்றை எதிர்த்திசையில் உருட்டி, சராசரித் தூரத்தை அடியில் சொல்வார்கள். பந்து எட்டடி ஓடினால் அந்தக் கிரீனின் ஸ்டிம்ப் அளவு 8. பன்னிரண்டடி ஓடினால் 12.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நீளவாட்டில் பாதியாக அறுத்த பி.வி.சி. குழாய் ஒன்று, ஒரு கோலிக்குண்டு, குழாயின் ஒரு முனையைத் தூக்கி வைக்க இரண்டு புத்தகங்கள் போதும். மொசைக் தரையில் ஒருமுறை, கோரைப்பாயில் ஒருமுறை, துண்டை விரித்து அதன்மேல் ஒருமுறை உருட்டுங்கள். குண்டு ஒன்று, உயரம் ஒன்று, ஓடும் தூரமோ வெவ்வேறு. பாயில் நெசவின் போக்கில் உருட்டியதற்கும் குறுக்கே உருட்டியதற்கும்கூட வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். புல்லைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 36 மாநிலங்களில் 1,500 கிரீன்களுக்கு மேல் அளந்தபோது கிடைத்த சராசரி ஆறரை அடி. இன்று நல்ல மன்றங்களில் 9, 10 என்பது இயல்பு. பெரிய போட்டிகளில் 12-ஐத் தொடும். ஓக்மாண்டில் 13-ஐயும் தாண்டும்.

எட்டும் பன்னிரண்டும்

எட்டு அளவுள்ள கிரீனில் பழகிய ஒருவர் பன்னிரண்டு அளவுள்ள ஊருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைக் கேட்டதும் பந்து ஒன்றரை மடங்கு ஓடும் என்று அவருக்குப் புரிந்துவிடும். வீட்டில் ஆறு மீட்டர் ஓடவைத்த அடி இங்கே ஒன்பது மீட்டர் ஓடும். அப்படியென்றால் கையின் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமா?

குறைத்தால் பந்து குழிக்கு முன்பே நின்றுவிடும். உருளும் பந்து செல்லும் தூரம், அதன் தொடக்க வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகத்தை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. அதனால் ஆறு மீட்டர் பட்டுக்கு எட்டு அளவுள்ள தரையில் நொடிக்கு 2.9 மீட்டர் வேகம் தேவையென்றால், பன்னிரண்டு அளவுள்ள தரையில் 2.3 மீட்டருக்குச் சற்று மேல் தேவைப்படும். குறைக்க வேண்டியது 18 விழுக்காடுதான். புதிய தரையில் முதல் பந்து வெகுதூரம் ஓடியதைப் பார்த்துப் பயந்து, அடுத்த பந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். கண் பார்ப்பது தூரத்தின் பிழையை. கை திருத்த வேண்டியது வேகத்தின் பிழையை. வேகத்தின் பிழை தூரத்தின் பிழையைவிட எப்போதும் சிறியது.

இதே விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. கையின் வேகத்தில் 5 விழுக்காடு பிசகினால் தூரத்தில் சுமார் 10 விழுக்காடு பிசகும். பத்து மீட்டர் பட்டில் அது ஒரு மீட்டர். யாருடைய கையிலும் இவ்வளவு பிசகு இருக்கத்தான் செய்யும். ஆகவே நீண்ட பட்டில் குழியைக் குறிவைத்து ஏங்குவதைவிட, பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதே அறிவுள்ள இலக்கு. மார்க் பிராடி என்ற பேராசிரியர் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் அடிகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, எட்டடித் தூரத்திலிருந்தே அவர்கள் பாதி பட்டுகளைத்தான் குழியில் விடுகிறார்கள் என்று தெரிந்தது. இருபதடியில் ஏழில் ஒன்று. உலகின் தலைசிறந்த கைகளின் கணக்கு இது.

இனி சரிவு. ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் இறங்கும் சரிவை எடுத்துக்கொள்வோம். குழி வெட்டும் இடங்களில் இது சாதாரணம். சமதரையில் ஆறு மீட்டர் ஓடக்கூடிய பந்தை இதில் உருட்டுகிறோம். எட்டு அளவுள்ள கிரீனில் அது இறக்கத்தில் ஏழரை மீட்டர் ஓடும், ஏற்றத்தில் ஐந்து. பன்னிரண்டு அளவுள்ள கிரீனில் இறக்கத்தில் எட்டரைக்கும் மேல், ஏற்றத்தில் நாலரைக்குச் சற்று மேல். இரண்டுக்கும் இடையே முதல் தரையில் இரண்டரை மீட்டர் வித்தியாசம். இரண்டாவது தரையில் நான்கு மீட்டர்.

காரணம் எளிது. சரிவு பந்தை இழுக்கும் விசை எந்தப் புல்லிலும் ஒன்றுதான். அதை எதிர்த்துப் பந்தை நிறுத்துவது புல்லின் தடை. தடை குறையக் குறையச் சரிவின் கை ஓங்குகிறது. பன்னிரண்டு அளவில் சரிவு ஆறரை விழுக்காட்டை எட்டினால் தடை தோற்றுவிடும். இறக்கத்தில் தொட்ட பந்து தரை சமமாகும்வரை நிற்காது. எட்டு அளவில் அதற்குப் பத்து விழுக்காட்டுச் சரிவு வேண்டும். சாரசனின் பந்துக்கு நேர்ந்ததை இந்தக் கணக்கு விளக்குகிறது.

பக்கவாட்டுச் சரிவிலும் இதே கதை. மூன்று மீட்டர் பட், குறுக்கே இரண்டு விழுக்காட்டுச் சரிவு, பந்து குழியருகே வந்து ஓயும் வேகம். எட்டு அளவுள்ள தரையில் குழிக்கு மேட்டுப்பக்கம் 30 சென்டிமீட்டர் தள்ளிக் குறிவைக்க வேண்டும். பன்னிரண்டில் 46 சென்டிமீட்டர். மெதுவாக வரும் பந்தின்மேல் சரிவு நெடுநேரம் வேலை செய்கிறது. அதனால் வளைவு கூடுகிறது. தரை மாறும்போது தூரத்தை மட்டும் திருத்திக்கொண்டு குறியைத் திருத்த மறப்பவர்கள் ஏராளம். பந்தின் வேகத்தைச் சரியாகக் கணித்தும் குழியின் பள்ளப்பக்கமாகவே நழுவவிட்டு நிற்பார்கள். வேகமும் வளைவும் ஒரு தாயின் பிள்ளைகள். ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திருத்தியாக வேண்டும்.

அருகம்புல்லின் வழி

இதுவரை புல்லை வெறும் தடையாகப் பார்த்தோம். அது உயிருள்ள செடி. வெப்பநாட்டுக் கோல்ஃப் மைதானங்களில் பெருவாரியாக இருக்கும் புல்லை உலகம் பெர்முடா என்று அழைக்கிறது. தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். நமக்கு அது அன்றாடம் கண்ணில் படும் அருகம்புல். பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டுவதும், சாறு பிழிந்து குடிப்பதும் அதைத்தான். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற தாவரவியலாளர் அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லையும் கலந்து, ஒட்ட வெட்டினாலும் தாங்கும் ரகங்களை உருவாக்கினார். இன்றைய வெப்பநாட்டுக் கிரீன்கள் பலவற்றில் இருப்பது அந்த வம்சம்.

வாய்க்கால் ஓரத்தில் ஓர் அருகங்கொடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அது நிமிர்ந்து வளர்வதில்லை. தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒரு திசை பார்த்து ஓடுகிறது. ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரூன்றல் இதுதான். மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய கிரீனிலும் இந்தக் குணம் மாறுவதில்லை. இலைகள் ஒருபக்கமாகப் படுத்திருக்கும். படுத்திருக்கும் திசையில் உருட்டினால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். எதிரே உருட்டினால் ஒவ்வொரு நுனியும் பந்தைத் தடுக்கும். குறுக்கே உருட்டினால் கடைசி ஓட்டத்தில் பந்தைத் தன் பக்கம் சாய்க்கும். கோரைப்பாயில் பார்த்தது நினைவிருக்கிறதல்லவா?

புல் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு அடையாளங்கள் உண்டு. குழியை நோக்கி நின்று பார்க்கும்போது தரை வெளிறிப் பளபளத்தால் புல் உங்களைவிட்டு விலகிப் படுத்திருக்கிறது. பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் நுனிகள் உங்களை நோக்கி இருக்கின்றன; பந்து திணறும். இரண்டாவது அடையாளம் குழியின் வாயில் இருக்கிறது. பக்கத்தில் போய்க் குனிந்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒருபக்கம் விளிம்பு பச்சையாக, கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். எதிர்ப்பக்கம் பழுப்பேறி, பிய்ந்து, நார்நாராக இருக்கும். குழி வெட்டிய கருவி அந்தப் பக்கத்து இலைகளை அவற்றின் வேரிலிருந்து துண்டித்துவிட்டது; வேரிழந்த இலை காய்ந்துபோகிறது. ஆகவே பழுப்பு விளிம்பு இருக்கும் பக்கம்தான் புல் ஓடும் பக்கம். காலையில் வெட்டிய குழியில் பிற்பகலுக்குள் இது நன்றாகத் தெரியத் தொடங்கும். கையளவு வட்டத்தில் ஒரு செடி தன் போக்கை எழுதி வைத்திருக்கிறது. குனிந்து பார்ப்பவருக்கு அது கிடைக்கும்.

குளிர்ப்பகுதிகளில் பென்ட் என்ற புல் ஆட்சி செய்கிறது. அது ஓரளவு நிமிர்ந்து வளரும்; திசைக்குணம் குறைவு; சரிவை மட்டும் படித்தால் பெரும்பாலும் போதும். ஆகஸ்டா மைதானம் தன் கிரீன்களை பெர்முடாவிலிருந்து பென்ட்டுக்கு மாற்றியபின் 1981-இல் மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. அதே மேடு பள்ளங்களில் ஆண்டாண்டாக ஆடியவர்களும் புதிய புல்லின் வேகத்துக்குக் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் இருப்பது போவா அனுவா என்ற மூன்றாவது வகை. நாள் ஏறஏற இது சீரில்லாமல் வளர்ந்து பூத்துவிடும். காலையில் வழவழப்பாக இருந்த தரை மாலையில் மேடுதட்டும். அங்கே பிற்பகலில் ஆடுபவர், பந்து சற்றுத் துள்ளும் என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கடற்கரை மைதானங்களில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே கிரீன்களை வேண்டுமென்றே மெதுவாக வைப்பார்கள்; மிக வேகமாக வைத்தால் நின்ற பந்தைக் காற்று நகர்த்திவிடும். 2015-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில் அப்படித்தான் ஆனது. பந்துகள் நிற்கமாட்டாமல் ஆட்டம் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. வேகமான கிரீனிலிருந்து அங்கே போகிறவருக்குத் தேவைப்படுவது எதிர்ப்பக்கத் திருத்தம்: துணிந்து அடிக்கக் கற்பது. மெதுவான தரையில் பந்தைக் குழிக்கு முன்பே நிறுத்திவிடுவதும், வேகமான தரையில் ஓடவிடுவதும் ஒரே பிழையின் இரண்டு வடிவங்கள். இரண்டிலும் கை பழைய ஊரிலேயே இருக்கிறது.

மலை செய்யும் மாயம்

சரிவைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மலைப்பகுதி மைதானங்கள் அந்த நம்பிக்கையை உடைத்துவிடும். கண் எதைச் சமம் என்று எடுத்துக்கொள்கிறது? தொடுவானம் தெரிந்தால் அதை. தெரியாதபோது சுற்றிலும் இருக்கும் நிலத்தின் சராசரிச் சாய்வை. முழு மலைச்சரிவும் ஒருபக்கம் இறங்கும்போது, அதோடு சேர்ந்து லேசாக இறங்கும் கிரீன் நமக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் சமமானது மலையை நோக்கி இறங்குவதுபோலத் தெரியும். பந்துக்கு இந்த மயக்கம் கிடையாது. அது புவியீர்ப்புக்கு மட்டும் கட்டுப்படும். அதனால் பந்து மேட்டை நோக்கி ஏறுகிறது என்றுகூடச் சிலர் சத்தியம் செய்வார்கள்.

கொலராடோ மாநிலத்தின் பிராட்மூர் மைதானம் இதற்குப் பேர்போனது. மலைமேல் வில் ராஜர்ஸ் நினைவுக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ‘கண் என்ன சொன்னாலும் சரி, பந்து கோபுரத்தை விட்டு விலகித்தான் வளையும்’ என்பது அங்கே உள்ளூர்க்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். இந்த ஒரு வாக்கியத்தில் மலையின் முழுச் சரிவும் அடங்கியிருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும், மட்டைப் பை சுமக்கும் உள்ளூர் உதவியாளரான கேடியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ‘இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?’ பெருமழையின் நீர் எந்த வழியாக இறங்குகிறதோ, பந்தும் ஏறத்தாழ அந்த வழியைத்தான் நாடும்.

கண் ஏமாறும் இடத்தில் கால் உதவுகிறது. உள்ளங்காலும் கணுக்காலும் உட்காதில் உள்ள சமநிலை உறுப்பும் சேர்ந்து, ஒன்றிரண்டு விழுக்காட்டுச் சரிவையும் உணரும் திறன் பயிற்சியால் வரும். மார்க் ஸ்வீனி என்பவர் வகுத்த எய்ம்பாயின்ட் முறையில், ஆட்டக்காரர் பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் அகட்டி நின்று, எடை எந்தக் காலில் கூடுகிறது என்று பார்த்துச் சரிவுக்கு ஓர் எண் கொடுக்கிறார். வழுக்கும் படியில் கால் வைத்ததும் உடம்பு தானாகச் சுதாரித்துக்கொள்கிறதே, அந்த அறிவைத்தான் இந்த முறை பயன்படுத்துகிறது.

மூளை எப்படிக் கற்கிறது

கான்ராட் கோர்டிங், டேனியல் வோல்பர்ட் ஆகிய இருவர் 2004-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்கள் கையை ஓர் இலக்கை நோக்கி நகர்த்த வேண்டும். கை நேரடியாகத் தெரியாது, அதன் குறி மட்டும் தெரியும். அந்தக் குறியும் உண்மையான இடத்திலிருந்து சற்று விலகித் தெரியும். எவ்வளவு விலகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றார்கள். பிறகு குறியைச் சில முறை தெளிவாகவும் சில முறை மங்கலாகவும் காட்டினார்கள். காட்சி தெளிவாக இருந்தபோது மூளை காட்சியை நம்பியது. மங்கலாக இருந்தபோது பழைய அனுபவத்தின் பக்கம் சாய்ந்தது. எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு இரண்டையும் கலந்தது.

புதிய கிரீனில் நடப்பதும் இதுதான். சொந்த ஊர்த் தரையில் ஆயிரக்கணக்கான பட்டுகளின் நினைவு ஒருபக்கம். புதிய தரையில் அடித்த இரண்டு மூன்று பந்துகள் இன்னொரு பக்கம். சான்று மங்கலாக இருக்கும்வரை கை பழைய ஊரின் பக்கமே சாயும். இது பலவீனம் இல்லை. ஒற்றைப் பந்தைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும் மூளைதான் ஆபத்தானது. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: குறைந்த நேரத்தில் தெளிவான சான்றை மூளைக்குக் கொடுப்பது.

ஆட்டத்துக்கு முன் பயிற்சிக் கிரீனில் கிடைக்கும் இருபது நிமிடத்தை இதற்காகவே செலவிட வேண்டும். ஆட்டம் நடக்கும்போது தரையைச் சோதிக்கப் பந்தை உருட்டிப் பார்ப்பதையும், புல்லைத் தேய்த்துப் பார்ப்பதையும் விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. ஆகவே இந்த இருபது நிமிடம் விலைமதிப்பற்றது.

முதலில் குழியை மறந்துவிடுங்கள். குழி கண்ணில் பட்டால் மனம் விழுந்ததா, விழவில்லையா என்ற இரண்டே விடைகளைத்தான் பார்க்கும். எவ்வளவு தூரம் என்ற செய்தி கைநழுவிவிடும். சமமான இடத்தில் நின்று, உங்களுக்கு மிகப் பழக்கமான ஓர் அடியை, வீட்டில் இத்தனை காலடி தூரம் ஓடும் என்று தெரிந்த அடியை, மூன்று பந்துகளுக்குக் கொடுங்கள். நடந்து எண்ணுங்கள். வீட்டில் எட்டுக் காலடி தூரம் ஓடியது இங்கே பத்து ஓடினால், இந்தத் தரை உங்கள் தரையைவிடக் கால் பங்கு வேகமானது. ஸ்டிம்ப்மீட்டர் செய்யும் வேலையை உங்கள் கையே செய்துவிட்டது. அளவுப் பலகையில் எழுதிய எண்ணைவிட இது உங்களுக்கு அதிகம் உதவும். ஏனென்றால் இது உங்கள் கையின் மொழியில் இருக்கிறது.

அடுத்து அதே அடியை ஓர் ஏற்றத்திலும் ஓர் இறக்கத்திலும் கொடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சரிவின் கை இங்கே எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று தெரியும். பிறகு பந்தைத் தட்டிவிட்டுத் தலை நிமிராமல், ‘குறைவு’, ‘அதிகம்’, ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பின் நிமிர்ந்து பாருங்கள். கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளிதான் மூளைக்குப் பாடம். முன்கூட்டிச் சொல்லாமல் வேடிக்கை பார்த்தால் அந்தப் பாடம் பாதிதான் பதியும்.

பந்தின் கடைசி அரை மீட்டரைக் கண் எடுக்காமல் பாருங்கள். அடித்த வேகத்தின் ஆதிக்கம் ஓய்ந்து, புல்லும் சரிவும் பேசத் தொடங்கும் இடம் அது. ஆட்டத்திலும் இதைத் தொடரலாம். உங்கள் பந்து குழியைத் தாண்டி ஓடினால் எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். அது போகும் வழியில் திரும்பி வரும் பட்டின் வளைவைக் காட்டிக்கொண்டே போகிறது. உடன் ஆடுபவரின் பந்தும் அதே தரையில்தான் உருள்கிறது. அது உங்களுக்கு இலவசப் பாடம்.

குழிக்கு வந்துசேரும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நடுவாய்க்கு நேராக வரும் பந்து, நொடிக்கு சுமார் 1.3 மீட்டருக்குள் வந்தால் எதிர்விளிம்பை எட்டும் முன் தன் ஆரம் அளவுக்கு விழுந்துவிடும். அதைவிட வேகமாக வந்தால் விளிம்பில் மோதித் துள்ளத் தொடங்கும். அந்த எல்லை வேகத்தில் வரும் பந்து குழியைத் தவறவிட்டால், எட்டு அளவில் ஒன்றேகால் மீட்டர் தாண்டிப் போகும். பன்னிரண்டில் ஒன்றே முக்கால் மீட்டருக்கும் மேல். வேகமான ஊரில் துணிச்சலின் விலை அதிகம். அங்கே குழியின் மேட்டுப்பக்கத்திலிருந்து ஓய்ந்து வரும் பந்தே பாதுகாப்பானது.

பயிற்சிக் கிரீனில் செலவிடும் நேரம் வீண்போகாது என்பதற்கு ஒரு சான்று. 2000-ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் பெப்பிள் பீச்சில் நடந்தது. போட்டிக்கு முந்தைய நாள் பந்து உருளும் விதம் மனதுக்குப் பிடிக்காமல் டைகர் உட்ஸ் பயிற்சிக் கிரீனில் நெடுநேரம் நின்றார். அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் அவர்தான். பிறகு 72 குழிகளிலும் ஓரிடத்தில்கூட மூன்று பட் அடிக்கவில்லை. இரண்டாமிடத்தாரைவிட 15 முறை குறைவாக அடித்து வென்றார்.

ஓக்மாண்டுக்குத் திரும்பலாம்

1935-இல் அந்தப் பொல்லாத தரையில் நான்கு சுற்றுகளையும் 300 அடிகளுக்குள் முடித்தவர் ஒரே ஒருவர். சாம் பார்க்ஸ் ஜூனியர், 299. பெரும் பெயர் பெற்றவர் இல்லை. பக்கத்து ஊர் மன்றம் ஒன்றில் கோல்ஃப் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். போட்டிக்கு முந்தைய ஒரு மாதம், வேலைக்குப் போகும் முன் காலையில் ஓக்மாண்டுக்கு வந்து அந்தக் கிரீன்களில் ஆடிப் பழகினார். சாரசனின் கையில் இருந்த திறமை பார்க்ஸிடம் இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சாரசனின் கைக்கு அந்த வாரம் ஓக்மாண்ட் வெளியூர். பார்க்ஸின் கைக்கு அது உள்ளூராகிவிட்டிருந்தது.

ஒரு மாதக் காலைப்பொழுது எல்லோருக்கும் கிடைக்காது. பெரும்பாலோருக்கு இருபது நிமிடம்தான் கிடைக்கும். அதிலும் பார்க்ஸ் செய்ததன் சாரத்தைச் செய்ய முடியும்: மூன்று பந்துகளை உருட்டிக் காலடியால் எண்ணலாம், குழியின் விளிம்பில் குனிந்து பழுப்பு எந்தப் பக்கம் என்று பார்க்கலாம், கால் அகட்டி நின்று தரையைக் கேட்கலாம். பழைய ஊரில் கற்றது எதையும் மறக்க வேண்டியதில்லை. அது எவ்வளவு தூரம் இங்கே செல்லும் என்று அளந்துகொண்டால் போதும். முதல் குழியில் பந்தின் பின்னால் நிற்கும்போது, கை அந்தப் புல்லை ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கும்.